சலம் கசிவது வயதின் விதி அல்ல

இருமினாலும் தும்மினாலும் சலம் கசிகிறது. வுழூ முறிந்துவிடுமே என்ற பயத்தில் தராவீஹுக்குப் போவதில்லை. பஸ்ஸில் தூரப் பயணம் என்றால் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. கிண்ணியாவில் எத்தனையோ உம்மாமார் இதை வருடக்கணக்காக வாய்திறக்காமல் சுமக்கிறார்கள். "நாலஞ்சு புள்ள பெத்தா இப்படித்தான்" என்று ராத்தாமாரே சொல்லி அடக்கிவிடுகிறார்கள். அது சரியில்லை. இது ஒரு வருத்தம். பலருக்கு ஒப்பரேசன் இல்லாமலே குறைக்கலாம்.

சலப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குவது இடுப்படித் தசைகள். பிரசவம், நாட்பட்ட இருமல், மலச்சிக்கல், உடல் பருமன், மாதவிடாய் நின்றபின் வரும் மாற்றம் எல்லாம் அவற்றைப் பழைய நாடாக்கட்டில் போலத் தளர்த்திவிடும். சிலருக்குக் கருப்பையே இறங்கி, குளிக்கும்போது கையில் தட்டுப்படும். கட்டியோ புற்றுநோயோ என்று பயந்து மறைக்கிறவர்களும் உண்டு.

இருமும்போது கசிவது ஒரு வகை. முட்டிக்கொண்டு வந்து, கழிப்பறையை எட்டுமுன் போய்விடுவது இன்னொரு வகை. முதலாவதற்குத் தசைப் பயிற்சி. இரண்டாவதற்குச் சலப்பையைப் பழக்குவதும் குளிசையும். சலத்தில் கிருமி, சீனி வருத்தம், பிரஷருக்குக் குடிக்கும் சில குளிசைகள்கூடக் காரணமாகலாம். ஆகவே பரிசோதிக்காமல் பார்மசியில் மருந்து வாங்காதீர்கள். தண்ணீரை வெட்டிக் குறைப்பதும் உதவாது. சலம் கடுத்து எரிச்சல்தான் கூடும்.

முதலில் உங்கள் பகுதி மிட்வைஃபிடம் சொல்லுங்கள். எம்.ஓ.எச். காரியாலயத்தின் சுகவனிதையர் கிளினிக்கிலும், கிண்ணியா தள வைத்தியசாலை ஓ.பி.டி.யிலும் சொல்லலாம். தேவையென்றால் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் வி.ஓ.ஜி. (பெண்நோயியல் நிபுணர்) கிளினிக்குக்குக் கடிதம் தரச்சொல்லிக் கேளுங்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் அந்தப் பயணத்துக்குப் படகுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்.

போகுமுன் 3 நாள் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: எத்தனை கோப்பை குடித்தீர்கள், எத்தனை தரம் போனீர்கள், என்ன செய்யும்போது கசிந்தது. வெட்கத்தில் வாய் வராவிட்டால் அந்தக் கொப்பியை நீட்டினால் போதும். டாக்டருக்குப் பாதி விளங்கிவிடும்.

பயிற்சி இதுதான். காற்றை அடக்குவதுபோலவும் சலத்தை நிறுத்துவதுபோலவும் ஒருசேர உள்ளே இழுத்து மேலே தூக்க வேண்டும். வயிறும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. 8 தரம் ஒரு சுற்று. நாளுக்கு 3 சுற்று. குறைந்தது 3 மாதம். தொழுகை முடிந்த கையோடு செய்தால் மறக்காது. சலம் கழிக்கும்போது இதைச் செய்து பழகாதீர்கள். சரியாகச் செய்கிறீர்களா என்று பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்வார். கருப்பை இறக்கத்துக்கு உள்ளே வைக்கும் சிலிக்கன் வளையமும் உண்டு.

ஒப்பரேசன் என்று சொன்னால் கையெழுத்துக்கு முன் கேளுங்கள்: வேறு வழி உண்டா, என்ன ஆபத்து, உள்ளே செயற்கை வலை வைப்பீர்களா? இறக்கத்துக்குப் பெண்ணுறுப்பு வழியாக வைக்கும் வலையால் தீராத வலியும் காயமும் வந்ததால், அமெரிக்காவில் 2019இல் அதன் விற்பனையை நிறுத்தினார்கள். நம் அரசியலமைப்பின்படி கிழக்கில் தமிழ் நிருவாக மொழி. விளக்கத்தைத் தமிழிலேயே கேளுங்கள். பரிசோதனையின்போது பெண் தாதி ஒருவர் கூடநிற்க வேண்டும் என்றும் கேளுங்கள். உங்கள் சிகிச்சைப் பதிவுகளை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கோரலாம். வைத்தியரின் நடத்தை பற்றிய முறைப்பாட்டை இலங்கை மருத்துவச் சபை ஏற்கும்.

சிகிச்சை முடியும்வரை தொழுகையை விட வேண்டியதில்லை. ஓயாமல் கசிபவர் ஒவ்வொரு வக்துக்கும் சுத்தம் செய்து வுழூ எடுத்துத் தொழலாம். உங்கள் நிலைமையைச் சொல்லி மௌலவியிடம் விபரம் கேளுங்கள்.

சலத்தில் இரத்தம் கண்டால் கிளினிக் நாளைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். சலம் அடியோடு நின்றுவிட்டாலோ, முதுகுவலியோடு கால் மரத்துப் போனாலோ அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.