பள்ளிப் பாரமும் பிள்ளையின் விசுவாசமும்

மாலை நேரம். கோலா தெர்லாவில் பனி இறங்கத் தொடங்கிவிட்டது. தோட்ட வேலை முடிந்து வந்த அம்மா அடுப்பில் உலை வைக்கிறார். இடைநிலைப்பள்ளியில் படிக்கும் மகன் புத்தகப் பையைத் திறக்காமல் மூலையில் உட்கார்ந்திருக்கிறான்.

"பாடம் ஒன்றும் இல்லையா, தம்பி?"

"இருக்குதும்மா."

"அப்புறம் என்ன யோசனை? ஜெபம் பண்ணிவிட்டுப் படி. ஆண்டவர் பார்த்துக்கொள்வார்."

மகன் பதில் சொல்லவில்லை. இரவில் குடும்ப ஜெபம் நடக்கிறது. அவனும் தலை குனிந்து கண்களை மூடியிருக்கிறான். ஆனால் அவன் உள்ளத்தில் ஓடுவது வேறு. 'நேற்றும் ஜெபம் பண்ணினேன். இன்றைக்கும் பாடம் புரியவில்லை. அப்படியானால் என் விசுவாசம் போதாதோ? ஆண்டவருக்கே என்மேல் வருத்தமோ?'

நேயர்களே, நம் லயங்களிலும் தோட்டத்துக் குடியிருப்புகளிலும் இப்படி எத்தனையோ வீடுகளை நினைத்துப் பார்க்கலாம். அம்மா சொன்னது அன்பினால் சொன்னதுதான். ஆயினும், பள்ளிப் பாரம் ஒன்றைச் சுமந்துகொண்டிருந்த பிள்ளையின் தலையில் அந்தச் சொல் இரண்டாவது பாரம் ஒன்றையும் ஏற்றிவிட்டது. விசுவாசம் பிள்ளைக்கு எப்போது பலமாகிறது, எப்போது பாரமாகிறது என்பதைத்தான் இன்று நாம் சிந்திக்கப் போகிறோம்.

முதலில் அந்தப் பாரம் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். நம் பிள்ளைகளில் பலர் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படிக்கிறார்கள். ஆசிரியர் தமிழில் பேசுவார். பள்ளி சிறியது. யார் வீட்டுப் பிள்ளை என்பது எல்லாருக்கும் தெரியும். அதன் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. அங்கே போதனா மொழி மலாய். கணக்கும் அறிவியலும் தமிழில் நன்றாகத் தெரிந்த பிள்ளைகூட, கேள்வியின் மொழி புரியாமல் விழிக்கிறது. மலாய் மொழியில் தேவையான நிலையை எட்டாத பிள்ளைகள், 'பெரலிஹான்' எனப்படும் புகுமுக வகுப்பில் ஓராண்டு படித்த பின்னரே முதல் படிவத்துக்குப் போகிறார்கள். தன் வயதுப் பிள்ளைகள் ஒரு வகுப்பு முன்னே போய்விட்டார்களே என்ற கூச்சம் அவர்களை வாட்டும்.

தேர்வுகள் குறைந்துவிட்டனவே, இன்னும் என்ன பாரம் என்று சிலர் கேட்கலாம். ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-ஆம் ஆண்டிலும், மூன்றாம் படிவத்தின் பி.டி.3 தேர்வு 2022-ஆம் ஆண்டிலும் நீக்கப்பட்டன என்பது உண்மைதான். ஆனால் ஐந்தாம் படிவத்தின் எஸ்.பி.எம். தேர்வு இருக்கவே செய்கிறது. அதற்குமுன் பெரிய தேர்வு எழுதிப் பழகாத பிள்ளைக்கு அது ஒரே மலையாகத் தெரிகிறது. இவற்றுடன் விடியுமுன் எழுவது, வளைந்து வளைந்து செல்லும் மலைப்பாதையில் பேருந்துப் பயணம், வீடு திரும்பியதும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது ஆகிய எல்லாம் சேர்ந்தால் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுத் தோள் தாங்குமா?

இனி வேதாகமத்தைத் திறந்து பார்ப்போம். இதே நிலையில் இருந்த இளைஞர்களின் கதை அதிலேயே இருக்கிறது. தானியேல் புத்தகத்தின் முதல் அதிகாரத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தானியேல், அனனியா, மீஷாவேல், அசரியா என்ற நான்கு வாலிபர்கள் தங்கள் ஊரைவிட்டுப் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே அவர்களுக்கு வேற்று மொழி, வேற்று எழுத்து, வேற்று நூல்கள். பெயர்களைக்கூட மாற்றிவிட்டார்கள். மூன்று ஆண்டுகள் படிப்பு. முடிவில் ராஜாவின் முன்னிலையில் நிற்கவேண்டும். புதிய மொழியில் படிக்கத் தடுமாறும் பிள்ளையின் சங்கடம் அவர்களுக்குத் தெரியாததா?

அவர்கள் என்ன செய்தார்கள்? ஜெபித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. மூன்று ஆண்டுகளும் படித்தார்கள். உணவைப் பற்றிச் சங்கடம் வந்தபோது, தானியேல் தன்னைக் கண்காணித்தவரிடம் பணிவோடு பேசி, பத்து நாள் மட்டும் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டான். அடுத்த அதிகாரத்தில் உயிருக்கே ஆபத்து வந்தபோது, வீட்டுக்குப் போய்த் தன் மூன்று நண்பர்களிடம் விஷயத்தைச் சொன்னான். நால்வரும் சேர்ந்தே தேவனிடம் இரக்கம் வேண்டினார்கள். அவர்களுக்கு அறிவைத் தந்தவர் தேவனே என்று வேதம் சொல்கிறது. ஆனால் அந்த அறிவு உழைப்பு, கேட்பது, நண்பர்களோடு பகிர்வது என்ற வழிகளில் வந்தது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

இன்னொருவரையும் பார்ப்போம். எலியா தீர்க்கதரிசி பெரிய விசுவாசவீரர். முதலாம் இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில், அவரே களைத்துப்போய் வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, இனிப் போதும், சாகலாம் என்று சொல்லிவிடுகிறார். அப்போது தேவன் அவரைக் கண்டித்தாரா? இல்லை. தூங்கவிட்டார். தூதனை அனுப்பி எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்கவிட்டார், மறுபடியும் உணவு கொடுத்தார். நீ போகவேண்டிய பயணம் வெகுதூரம் என்ற பேச்சு அந்த இரண்டாம் முறையே வந்தது.

பெற்றோர்களே, இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் தூக்கம், உணவு, பிறகுதான் பயணம். சோர்ந்து கிடக்கும் பிள்ளைக்கு நாம் முதலில் கொடுப்பது என்ன? பெரும்பாலும் அறிவுரை! வளரும் பிள்ளைக்கு நாள்தோறும் எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். நள்ளிரவுவரை கைத்தொலைபேசி வெளிச்சத்தில் கிடந்துவிட்டு, விடியுமுன் பேருந்து ஏறும் பிள்ளைக்கு எந்தப் பாடம் மண்டையில் ஏறும்? எனவே இரவு ஜெபம் முடிந்ததும் வீட்டிலுள்ள தொலைபேசிகளை எல்லாம் ஓரிடத்தில் வைத்துவிடுங்கள். அப்பா, அம்மாவின் தொலைபேசியும் அதிலே சேர்த்திதான். வயிறார உண்டு, நேரத்தோடு உறங்குவதும் விசுவாச வாழ்க்கையின் ஒரு பகுதியே.

அடுத்து, படிக்கும் முறை. நம் கோலா தெர்லாவில் கேமரன் மலை நீர்மின் திட்டத்தைச் சேர்ந்த சிறிய மின் நிலையம் ஒன்று உண்டு. மலையிலே ஒரேயடியாக மழை கொட்டினால் அந்த வெள்ளம் மண்ணைச் சரித்துக்கொண்டு போகும். அதே நீரை அளவோடு குழாயில் விட்டால் சக்கரம் சுழலும், மின்சாரம் பிறக்கும். பாடமும் அப்படித்தான். எல்லாப் பாடத்தையும் ஒரே இரவில் நினைத்துப் பார்த்தால் மனம் சரிந்துவிடும். பிரித்துக்கொள்ள வேண்டும்.

இளைஞர்களே, இது உங்களுக்கு. பாடத்தில் உட்காருமுன் ஒரு நிமிடம் ஜெபியுங்கள். 'ஆண்டவரே, இந்த ஒரு பாடத்தில் எனக்குத் துணை நில்லும்' என்றால் போதும். பிறகு அந்த ஒரு பாடத்தை மட்டும் அரைமணி நேரம் படியுங்கள். எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு அடுத்ததற்கு வாருங்கள். புரியாத மலாய்ச் சொற்களை ஒரு சிறு நோட்டில் எழுதுங்கள். நாளொன்றுக்குப் பத்துச் சொற்கள் என்றால் ஒரு மாதத்தில் முந்நூறு சொற்கள். தானியேல் கேட்டதும் பத்து நாள்தானே? நீங்களும் பத்து நாள் இதைச் செய்து பாருங்கள்.

வகுப்பில் கேள்வி கேட்கக் கூச்சமாக இருக்கிறதா? இயேசுநாதர் பன்னிரண்டு வயதில் தேவாலயத்தில் போதகர்களின் நடுவே உட்கார்ந்து, அவர்கள் சொன்னதைக் கேட்டார். அவர்களிடம் கேள்விகளும் கேட்டார் என்று லூக்கா எழுதியிருக்கிறார். அவரே கேட்டார் என்றால், கேட்பது நமக்கு மட்டும் வெட்கமாகுமா? வகுப்பில் முடியாவிட்டால், வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் தனியே கேளுங்கள். ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு, மேல் வகுப்பில் படிக்கும் அண்ணன்மார், அக்காள்மாருடன் ஒரு மணி நேரம் சேர்ந்து படியுங்கள். சபைப் பெரியவர்கள் இதற்கு ஒரு மேசையும் நான்கு நாற்காலியும் ஒதுக்கிக் கொடுத்தால், அது பெரிய ஊழியமாகும்.

'இத்தனையும் செய்தும் மதிப்பெண் வராவிட்டால்?' என்று ஒரு பிள்ளை கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த நால்வரில் ஒருவரான அசரியாவின் பெயரைத் தாங்கிய ஒரு தமிழரின் வரலாறு இதற்குப் பதில் சொல்லும். திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்ற சிற்றூரில் 1874-ஆம் ஆண்டு, ஒரு கிராமப் போதகரின் மகனாகப் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். ஆனால் பட்டம் பெறாமலே வெளியே வந்தார். வாழ்க்கை அதோடு முடிந்துவிட்டதா? இளைஞர்களிடையே ஊழியம் செய்தார். 1903-ஆம் ஆண்டில் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றக் காரணமானவர்களில் ஒருவரானார். பிறகு தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குத் தாமே ஊழியராகச் சென்றார். தாய்மொழி தமிழான அவர் அங்கே தெலுங்கு கற்று, அந்த மக்களின் மொழியிலேயே பேசினார். 1912-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார்.

படிக்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவரும் வாழ்நாளெல்லாம் கற்றவர்தான். ஒரு பட்டமோ ஒரு தேர்வுத் தாளோ மனிதனுடைய முழு அளவைச் சொல்லிவிடாது என்பதற்காகவே சொல்கிறேன். தோட்டத்தில் பறித்த கொழுந்தை நிறுத்துப் பார்த்து இத்தனை கிலோ என்று எழுதலாம். பிள்ளையை அப்படி நிறுத்து எழுத முடியாது. தேர்வு முடிவு வருவதற்கு முதல் நாளும் அவன் ஆண்டவரின் பிள்ளைதான். வந்த மறுநாளும் அவன் ஆண்டவரின் பிள்ளைதான். இதைப் பிள்ளை நம்புவதற்கு, பெற்றோர் வாயிலிருந்து அது வரவேண்டும். தேர்வு முடிவு வந்தபிறகு சொன்னால் ஆறுதலாகத்தான் கேட்கும். அதற்கு முன்பே சொல்லி வையுங்கள்.

கடைசியாக, மிக முக்கியமான ஒன்று. சில பிள்ளைகளின் துயரம் சாதாரணச் சோர்வைத் தாண்டிவிடும். இரண்டு வாரத்துக்கு மேலாக உணவிலும் விளையாட்டிலும் பற்றில்லாமல் இருப்பது, பள்ளி நாளில் மட்டும் அடிக்கடி வயிற்றுவலி, தலைவலி என்பது, நண்பர்களை விட்டு ஒதுங்குவது, 'நான் இல்லாவிட்டால் நல்லது' என்பது போலப் பேசுவது ஆகிய அறிகுறிகளைக் கண்டால் விளையாட்டாக விட்டுவிடாதீர்கள். பிசாசின் வேலை என்றோ, விசுவாசக் குறைவு என்றோ பெயர் சூட்டாதீர்கள். சாகும் எண்ணம் வருகிறதா என்று நேராக, அமைதியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. பாரத்தை இறக்கிவைக்க வழி பிறக்கும். அப்படி இருப்பதாகப் பிள்ளை சொன்னால் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள். பள்ளியின் கவுன்சிலிங் ஆசிரியரிடம் சொல்லுங்கள். தானா ராத்தாவில் உள்ள சுல்தானா ஹாஜா கால்சோம் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 15999 என்ற 'தாலியான் காசே' எண்ணை இரவிலும் பகலிலும் அழைக்கலாம். 2023-ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. தற்கொலை முயற்சி இப்போது நம் நாட்டில் குற்றமன்று. ஆகவே, போலீசுக்கு அஞ்சி மறைக்க வேண்டியதில்லை. எலியாவிடம் அடையோடு வந்த தூதனைப் போல, நம் பிள்ளையிடம் மருத்துவரும் ஆசிரியரும் வரக்கூடும்.

நேயர்களே, தொடக்கத்தில் சொன்ன அந்த அம்மாவிடம் திரும்பிப் போவோம். மறுநாள் மாலை. உலை கொதிக்கிறது. மகன் அதே மூலையில். இன்று அம்மா அறிவுரை சொல்லவில்லை. ஒரு கோப்பைத் தேநீரை அவன் கையில் கொடுத்துவிட்டு, அருகே உட்கார்ந்து கேட்கிறார்: "எந்தப் பாடம் கஷ்டமாக இருக்குது, தம்பி? எனக்கு மலாய் அவ்வளவாகப் படிக்க வராது. ஆனாலும் நீ சொல்லு, நான் கேட்கிறேன்."

அவன் பையைத் திறக்கிறான். அன்றைய ஜெபத்தில் அம்மா அவன் பெயரையும், அந்த ஒரு பாடத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார். பாரம் முழுவதும் அன்றே இறங்கிவிடவில்லை. ஆனால் அதைச் சுமக்க இரண்டு தோள்கள் கூடிவிட்டன. இன்று மாலை உங்கள் வீட்டிலும் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.