நோயில் மாறும் குணம்: முதலில் எதைப் பார்ப்பது?

மேட்டூரில் தண்ணீர் திறந்தாயிற்றா, நாற்றங்கால் என்ன ஆயிற்று என்று தினமும் விசாரித்துக்கொண்டிருந்த பெரியவர், ஒருநாள் இரவு பெற்ற மகனையே யாரென்று கேட்டுத் திட்டத் தொடங்கினால், டெல்டா கிராமங்களில் உடனே மூன்று விளக்கங்கள் கிடைக்கும். வயசாயிடுச்சு. காத்துக் கருப்பு. மருமக சரியில்லை. நான்காவதாகவும் ஒன்று உண்டு. அது ரத்தப் பரிசோதனைச் சீட்டில் இருக்கும்.

மாற்றம் சில மணி நேரத்தில் வந்ததா, சில மாதங்களில் வந்ததா? மருத்துவர் முதலில் கேட்பது இதைத்தான்.

திடீரென்று வந்தால் அது பெரும்பாலும் உடம்பின் கோளாறு. ரத்தத்தில் சோடியம் 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். வயிற்றுப்போக்கிலோ, ரத்த அழுத்தத்துக்குத் தரும் சிலவகை மாத்திரைகளாலோ அது வெகுவாகக் குறைந்தால் குழப்பமும் உளறலும் வரும். சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரை போட்டாலும் வியர்வையோடு கோபம் பொங்கும். மூதாட்டிகளுக்குச் சிறுநீர்த் தொற்று காய்ச்சலே இல்லாமல் குழப்பமாக மட்டும் தலைகாட்டலாம். கல்லீரல் கெட்டவருக்கு நான்கு நாள் மலச்சிக்கல் போதும், பகலில் தூங்கி இரவில் ரகளை செய்வார். இவற்றில் பலவற்றைச் சரிசெய்துவிட முடியும், தாமதிக்காவிட்டால். ‘உப்பு கொறஞ்சிடுச்சு’ என்று வீட்டிலேயே உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுப்பது ஆபத்து. சோடியத்தை மருத்துவமனையில் மெதுவாகத்தான் ஏற்றுவார்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாலும், பக்கத்து ஊர் டாக்டரிடம் போனாலும், மெடிக்கலில் கேட்டு வாங்கியது உட்பட எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

மெல்ல வரும் மாற்றம் வேறு கதை. 1901-இல் ஃப்ராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் பார்த்த ஆகுஸ்டே டெட்டர் என்ற பெண்ணுக்கு வயது 51. அவரிடம் முதலில் தென்பட்டது மறதி அல்ல. கணவர்மீது பொறாமை கலந்த சந்தேகம். ஐந்தாண்டு கழித்து அல்சைமர் உலகுக்கு விவரித்த நோய் அப்படித்தான் தொடங்கியது. 2023-இல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அல்சைமர் உள்ளிட்ட டிமென்ஷியா என்னும் அறிவுத்திறன் மங்கும் நோய் இருக்கிறது. ஏறத்தாழ 88 லட்சம் பேர். ஆனால் பக்கவாதம் மூளையின் முன்பகுதியைத் தாக்கினால் கூச்சமும் அடக்கமும் திடீரென்றே கழன்றுவிடலாம்.

மூளை தெளிவாக இருந்தும் குணம் கசப்பதும் உண்டு. கும்பகோணத்துக் கணிதமேதை ராமானுஜன் 1919-இல் இங்கிலாந்திலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பினார். வலியில் சுற்றியிருந்தவர்கள்மீது எரிந்து விழுந்தார். ஆனால் 1920 ஜனவரியில் இங்கிலாந்துக் கணிதப் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதத்தின் கணிதத்தை அறிஞர்கள் இன்றும் ஆராய்கிறார்கள். இத்தகைய நோயாளிக்கு வேண்டியது புத்திமதி அல்ல, வலி நிவாரணம். தமிழக அரசு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலி தணிப்புச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது.

டிமென்ஷியாவின் சந்தேகத்தில் “என் பணத்தை எடுத்துட்டா” என்று சொல்பவரிடம் சாட்சி காட்டி வாதாடிப் பயனில்லை. “வாங்கப்பா, தேடிப் பாப்போம்” என்பது அவரைச் சற்றே தணிக்கும். பொழுது சாயும்போது விளக்கைப் போடுங்கள், மூக்குக்கண்ணாடியை மாட்டிவிடுங்கள், ஒருவர் மட்டும் பேசுங்கள். சாப்பாடு போட்டு, துணி மாற்றி, கூடவே இருப்பவர்மீதுதான் பழி அதிகம் விழும். காரணம், கண்முன்னே இருப்பவர் அவர்தான்.

சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு இது புரிவதில்லை. போனில் ஐந்து நிமிடம் அப்பா சமாளித்துப் பேசிவிடுவார். “நல்லாத்தானே பேசுறாரு, நீங்கதான் சரியாப் பாக்கல” என்று தீர்ப்பு வந்துவிடும். தீர்ப்புச் சொல்லுமுன் பத்து நாள் ஊருக்கு வந்து, இரவில் அவரோடு இருந்து பாருங்கள். பார்த்துக்கொள்பவருக்கு அந்தப் பத்து நாள் தூக்கமாவது கிடைக்கும். அவர் மனம்விட்டுப் பேச 14416 என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது. கட்டணமில்லை, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.