கழிச்சலில் கன்று சாவதைத் தடுக்க

பசு கிடேரிக் கன்று போட்டால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எட்டாம் நாள் பார்த்தால் கன்று மஞ்சளாகத் தண்ணீர்போல் கழிகிறது. பத்தாம் நாள் படுத்துவிடுகிறது. 'கண்ணு பட்டிருச்சு', 'பாலை அதிகமாக் குடிச்சிருச்சு' என்று ஆளுக்கொரு காரணம் சொல்வோம். பிறந்த இரண்டு வாரத்துக்குள் வரும் கழிச்சலுக்குப் பல கிருமிகள் காரணம். அவற்றில் முக்கியமானது ரோட்டா வைரஸ். ரோட்டா என்றால் லத்தீன் மொழியில் சக்கரம். மின்னணு நுண்நோக்கியில் பார்த்தால் வண்டிச் சக்கரம் மாதிரியே தெரியும்.

குடலின் உட்புறத்தில், துண்டில் நூல் நீட்டிக்கொண்டிருப்பதுபோலச் சின்னச் சின்ன உறிஞ்சிகள் உண்டு. வைரஸ் அவற்றின் நுனியை அழித்துவிடும். பால் செரிக்காது, தண்ணீர் உடம்பில் ஏறாது. கடைசியில் கன்றைச் சாகடிப்பது நீரும் உப்பும் வற்றிப்போவதுதான். 30 கிலோ கன்று எடையில் பத்தில் ஒரு பங்கை இழந்தால் 3 லிட்டர் நீர் போய்விட்டது என்று கணக்கு. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டுப் பாருங்கள். மடிப்பு உடனே மறையாமல் இரண்டு விநாடிக்கு மேல் நின்றால் ஆபத்து.

இந்த வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. ஆன்டிபயாடிக் ஊசிக்கு அது சாகாது. ஆனால் காய்ச்சலோ, சாணத்தில் ரத்தமோ இருந்தால் வேறு கிருமியும் சேர்ந்திருக்கலாம். ஊசி வேண்டுமா என்பதைக் கால்நடை மருத்துவர் முடிவு செய்யட்டும். நம் கையில் இருப்பது உப்பு-சர்க்கரைக் கரைசல். மருத்துவரிடம் அளவு கேட்டு, பால் கொடுக்கும் நேரத்துக்கு இடையில் தனியாகக் கொடுங்கள். பாலோடு கலக்க வேண்டாம். பாலையும் அடியோடு நிறுத்தாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுங்கள். விரலை வாயில் வைத்தால் சப்பாத கன்றுக்கு எதையும் வலுக்கட்டாயமாக ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். அதற்கு ரத்தக்குழாய் வழியாகத்தான் மருந்து ஏற்ற வேண்டும்.

சரி, வராமல் தடுக்க முடியுமா? குழந்தைகளுக்கும் ரோட்டா வைரஸ் கழிச்சல் உண்டு. அதற்கான சொட்டு மருந்து 2016-ல் நாட்டின் தடுப்பூசித் திட்டத்திலும், 2017-ல் தமிழ்நாட்டிலும் வந்தது. பிறந்த 6, 10, 14-வது வாரங்களில் தவறாமல் போட்டுவிடுங்கள். கன்றின் கதை வேறு. அதற்கு முதல் இரண்டு வாரத்திலேயே நோய் வந்துவிடுகிறது; அதற்குத் தடுப்பூசி போட்டுப் பலன் வரும்வரை காத்திருக்க நேரமில்லை. ஆகவே பல நாடுகளில் சினைப்பசுவுக்குக் கடைசி மாதங்களில் ஊசி போடுகிறார்கள். தாயின் உடம்பில் உண்டாகும் எதிர்ப்பொருள் சீம்பாலில் இறங்கிக் கன்றுக்குப் போகிறது. ஊசி போடாத பசுவும் அதே கொட்டகைக் கிருமிகளோடு வாழ்ந்ததுதான். அதன் சீம்பாலிலும் எதிர்ப்பொருள் உண்டு.

மனிதக் குழந்தைக்கு வயிற்றிலேயே தாயின் எதிர்ப்பொருள் கிடைக்கும். கன்றுக்கு அப்படிக் கிடைக்காது, வெறுங்கையோடு பிறக்கிறது. பிறந்த சில மணி நேரம்தான் குடல் எதிர்ப்பொருளை அப்படியே ரத்தத்துக்குள் விடும். ஆறு மணி நேரத்துக்குப் பிறகு அது குறைந்துகொண்டே போய், ஒரு நாளில் கதவு மூடிவிடும். நாமோ நஞ்சுக்கொடி விழட்டும் என்று மடியைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறோம்! கொடி விழுவதற்கும் சீம்பாலுக்கும் சம்பந்தமே இல்லை. கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர் சீம்பால் வேண்டும். பாதியை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள், மீதியை அன்றைக்கே. கடும்பு காய்ச்சி அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது நல்ல வழக்கந்தான். கன்று குடித்து மிஞ்சியதில் காய்ச்சுங்கள். அடுத்த சில நாட்களும் சீம்பால் கொடுத்தால், ரத்தத்தில் ஏறாவிட்டாலும் குடலுக்குள்ளேயே நின்று வைரஸைத் தடுக்கும்.

வைரஸ் சாணத்தில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். நோய்க் கன்றைத் தனியே கட்டுங்கள். சாணத்தை வழித்துக் கழுவிய பிறகே பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றுங்கள். சாணத்தின் மேலேயே கொட்டினால் மருந்தின் வீரியம் போய்விடும். நல்ல கன்றுக்கு முதலில் பால் கொடுத்துவிட்டு, நோய்க் கன்றிடம் கடைசியாகப் போங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

குளிர்பதனப் பெட்டி உள்ளவர்கள், நல்ல கறவையின் முதல் சீம்பாலை உறைபெட்டியில் எடுத்து வையுங்கள். தாயை இழந்த கன்றுக்கு உதவும். உறைந்ததை அடுப்பில் வைக்காமல் வெதுவெதுப்பான நீரில் பாத்திரத்தோடு வைத்து உருக்குங்கள். கொதித்துவிட்டால் எதிர்ப்பொருள் கெட்டுவிடும்.