மூன்று ஜோடி, ஒரு எஸ்டேட், நாலே பேர்

பெங்களூர் ஓசூர் ரோட்டில் எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியதும் ஹெப்பகோடி. பயோகான் வளாகம், பக்கத்திலேயே பொம்மசந்திராத் தொழிற்சாலைகள், சந்துக்குச் சந்து பிஜி விடுதி. எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்கள் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குகிறார்கள். ஏழெட்டுப் பேரின் காதலை ஒன்றோடொன்று பின்னிச் சொல்லும் படத்துக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. பெங்களூரை வைத்து அப்படியொரு படம் வந்தும்விட்டது: அஞ்சலி மேனன் 2014-ல் மலையாளத்தில் எடுத்த ‘பெங்களூர் டேஸ்’. 2016-ல் அது தமிழில் ‘பெங்களூர் நாட்கள்’ ஆனது. (மலையாளத்திலேயே பார்த்துவிடலாம் என்பது என் கட்சி.)

கல்யாண வீட்டில் பெரியம்மாவின் நாத்தனார் மகள் எதிரே வந்தால் யாரென்று தெரியாமல் முழிப்போம். அதே நாம், யார் யாரைக் காதலிக்கிறார், அது யார் யாருக்குத் தெரியாது என்பதையெல்லாம் தியேட்டர் இருட்டில் பிசகாமல் பிடித்துக்கொள்கிறோம். எப்படி?

ஜெய்மி கிரெம்ஸ், ராபின் டன்பார் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை எண்ணியே பார்த்தார்கள். பல கதைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும் 12 படங்களையும் வழக்கமான 10 படங்களையும் எடுத்துக்கொண்டு, யார் யாரோடு பேசுகிறார்கள் என்று கணக்கிட்டு 2013-ல் வெளியிட்டார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. ஷேக்ஸ்பியர் நாடகத்தோடும் நிஜ வாழ்க்கையோடும் ஒப்பிட்டாலும் ஏறக்குறைய அதே கணக்கு. நிஜத்தில் ஒரு பேச்சு நாலு பேர் வரைதான் தாங்கும் என்று டன்பார் முன்பே கண்டிருந்தார். டீக்கடையில் ஐந்தாவது ஆள் வந்து சேரட்டும், சற்று நேரத்தில் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும். போஸ்டரில் பன்னிரண்டு முகம் இருந்தாலும், ஒரு காட்சியில் உண்மையாகப் பேசிக்கொள்பவர்கள் நாலைத் தாண்டுவது அபூர்வம்.

அப்படித் துண்டு துண்டாக இருப்பதை ஒரே கதையாகக் கட்டுவது எது? 1998-ல் டங்கன் வாட்ஸ், ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் இருவரும் கணிதத்தில் இதற்கு விடை சொன்னார்கள். நெருக்கமான சின்னச் சின்னக் கும்பல்களுக்கு நடுவே எட்டத்து ஆட்களை இணைக்கும் சில குறுக்கு இழைகள் போதும், மொத்த வலையும் சுருங்கிவிடும். அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணமே சினிமாதான்: சேர்ந்து நடித்தவர்கள் என்ற உறவில் இணைந்த 2,25,226 நடிகர்கள். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகச் சராசரியாக 3.65 தாவல்!

‘பெங்களூர் டேஸ்’ அந்தச் சூத்திரப்படியே ஓடுகிறது. மூன்று கசின்கள் ஒரு கும்பல். அவர்களில் திவ்யாவைக் கட்டிக்கொண்ட தாஸ் அதற்குள் ஒட்டாத ஆள். இன்னொரு கசின் அஜு பைக் ரேஸ்காரன். தாஸும் ஒரு காலத்தில் அதே பந்தயத்தில் பறந்தவர் என்று தெரிய வருகிறது. அந்த ஒரு குறுக்கு இழை விழுந்ததும், தனித்தனியாகப் போய்க்கொண்டிருந்த கதைகள் ஒன்றையொன்று இழுக்க ஆரம்பிக்கின்றன.

ஆனால் இந்த வித்தையில் கரை கண்டது இயக்குநர் ஸ்ரீதரும் அவரோடு எழுதிய சித்ராலயா கோபுவும்தான். ‘காதலிக்க நேரமில்லை’, 1964. எஸ்டேட் முதலாளி விசுவநாதனாக பாலையா. அவருடைய ஒரு மகளைக் காதலிக்கும் அசோக் (ரவிச்சந்திரன்), பணக்கார அப்பா வேண்டுமென்று நண்பன் வாசுவை (முத்துராமன்) கிழவன் வேஷத்தில் கூட்டிவருகிறான். வாசுவின் காதலியோ அதே வீட்டின் இன்னொரு மகள். இப்போது எண்ணுங்கள்: கிழவருக்குச் சம்பந்தம் பிடித்திருக்கிறது (ஒன்று) என்று விசுவநாதன் நினைக்கிறார் (இரண்டு) என்று அசோக் நம்புகிறான் (மூன்று) என்று நமக்குத் தெரியும் (நாலு). பிறர் மனத்துக்குள் மனமாக இறங்கும் இந்தப் படிக்கட்டில் சாதாரண மனிதர்கள் நாலு படிவரை சுலபமாகப் போகிறார்கள், ஐந்தில் தடுக்கி விழுகிறார்கள் என்று 1998-ல் கதைகளைக் கொண்டு நடத்திய ஒரு சோதனை காட்டியது. ஸ்ரீதரும் கோபுவும் நம்மை நாலாம் படியில் உட்கார வைத்துச் சிரிக்க விட்டுவிட்டு, தாங்கள் ஐந்தாம் படியில் நின்றார்கள். நமக்கு என்ன தெரியவேண்டும் என்று நினைக்கிற வேலை அவர்களுடையது.

மூன்றாவது ஜோடி நாகேஷும் சச்சுவும். நாகேஷ்தான் விசுவநாதனின் மகன் செல்லப்பா. சினிமா எடுத்தே தீருவேன் என்று அலையும் செல்லப்பாவை மற்ற இரண்டு காதல்களோடும் இறுக்கி முடிச்சுப் போடவில்லை. முடிச்சுப் போட்டிருந்தால் நம் தலையில் ஒரு படி ஏறியிருக்கும். அவனுடைய இழை பெரும்பாலும் அப்பாவைத்தான் தொடுகிறது. ஆறு காதலர்கள் உலவும் அந்தப் படத்தில் இன்றுவரை எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் காட்சி, செல்லப்பா அப்பாவுக்குப் பேய்க்கதை சொல்வது. அதில் காதலும் இல்லை, கூட்டமும் இல்லை. இரண்டே பேர், அதிலும் பாலையாவின் வேலை பயப்படுவதுதான்.