பதிவேட்டில் மறைந்திருந்த மக்கள்

ஒரு நாட்டில் எத்தனை பேர் வாழ்கின்றனர் என்பதை அறிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்தப்படுகிறது. பல ஆண்டுகள் கடந்தபின், அதே பதிவேடுகள் ஒரு சமூகத்தின் வரலாற்றையும் எடுத்துரைக்கின்றன. அமெரிக்காவில் குடியேறிய பாஸ்க் மக்களின் வரலாறு இதற்குச் சிறந்த சான்றாகும்.

பாஸ்க் மக்களின் தாயகம் பைரனீஸ் மலைத்தொடரின் இருபுறமும் பரவியுள்ளது. அதன் ஒரு பகுதி ஸ்பெயினிலும் மறுபகுதி பிரான்சிலும் உள்ளது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல், இவர்களுள் பலர் பிழைப்புத் தேடி நெவாடா, ஐடஹோ முதலிய அமெரிக்க மாநிலங்களுக்குச் சென்று செம்மறியாடு மேய்த்தனர்.

ஆனால், பாஸ்க் என்ற பெயரில் தனிநாடு இல்லை. பிறந்த நாடு எதுவெனக் கேட்கப்பட்டபோது ஸ்பெயின் அல்லது பிரான்ஸ் என்றே பதிவாயிற்று. அதனால், நாடுவாரியாகத் தொகுக்கப்பட்ட எண்ணிக்கையில் இவர்களின் அடையாளம் மறைந்துபோனது.

அப்படியானால், இவர்களைக் கண்டறிவது எப்படி? ஆய்வாளர்கள் வீடுவாரியான பதிவுகளை ஒவ்வொரு வரியாகப் படிக்கின்றனர். குடும்பப்பெயர் முதல் தடயமாகும். சான்றாக, எச்செவெரியா என்னும் பெயருக்குப் பாஸ்க் மொழியில் ‘புதிய வீடு’ என்பது பொருள். தொழில் இரண்டாவது தடயம். முகவரி மூன்றாவது தடயம். ஐடஹோவின் பாய்சி நகரில் 1864இல் கட்டப்பட்ட ஒரு வீடு, 1910 முதல் பாஸ்க் மக்களின் தங்கும் விடுதியாக விளங்கியது. இத்தகைய விடுதிகளில் மேய்ப்பர்கள் தம் தாய்மொழியைப் பேசி, ஒருவருக்கொருவர் துணையாக வாழ்ந்தனர். முன்பு விடுதியில் தனியாகத் தங்கியிருந்த ஒருவர், பத்தாண்டுகளுக்குப்பின் மனைவியுடனும் ஐடஹோவில் பிறந்த பிள்ளைகளுடனும் பதிவாகியிருந்தால், அவர் அங்கேயே வேரூன்றிவிட்டார் என்பது புலனாகும்.

இப்பணியில் இடர்களும் உள்ளன. பெயர்கள் சில வேளைகளில் பிழையாக எழுதப்பட்டுள்ளன. 1890ஆம் ஆண்டுப் பதிவேடுகளுள் பெரும்பாலானவை 1921இல் நேர்ந்த தீவிபத்தினால் கடுமையாகச் சேதமடைந்தன. மேலும், தனிமனிதர் விவரங்கள் 72 ஆண்டுகளுக்குப் பின்னரே வெளியிடப்படுகின்றன. ஆகவே, ஆய்வாளர்கள் கப்பல் பயணியர் பட்டியலையும் தேவாலயப் பதிவுகளையும் ஒப்பிட்டு உண்மையை உறுதிப்படுத்துகின்றனர்.

1980ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்களின் பூர்வீகம் கேட்கப்பட்டது. அப்போதுதான் பாஸ்க் வம்சாவளியினர் முதன்முறையாகத் தனியே கணக்கிடப்பட்டனர். அதற்கு முன் வாழ்ந்து மறைந்தவர்களின் அடையாளத்தை, பழைய பதிவேடுகளின் வரிகளே இன்று மீட்டுத் தருகின்றன.