புழு அடையும் நண்டுச் சாறும்



முப்பத்து நான்கு வருஷம் வங்கியில் பேனா பிடித்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு மன்னார்குடி பக்கம் எங்கள் பூர்வீக நிலம் மூன்று ஏக்கரில் இறங்கியவன் நான். ரசாயனத்தை விட்டு இது ஏழாவது வருஷம். மகன் வேலை விஷயமாக வியட்நாமில், ஹனோய் நகரத்தில் இருக்கிறான். போன அக்டோபர் கடைசியில் நானும் வீட்டுக்காரம்மாவும் பத்து நாள் போய் வந்தோம். ஏரி, கோயில் எல்லாம் பார்த்தோம். ஆனால் எழுதப் போவது தெருவோரத்தில் சாப்பிட்டதைப் பற்றி. விவசாயப் பத்திரிகையில் சாப்பாட்டுக் கதை எதற்கு என்று கேட்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்.

ஹனோயின் பழைய நகரத்தில் நடைபாதைதான் ஹோட்டல். ஒரு சாண் உயர பிளாஸ்டிக் முக்காலி, அதே உயரத்துக்கு மேசை. முழங்கால் வலிக்காரன் நான் உட்கார்ந்து எழுவதே பெரும்பாடு.

முதல் நாள் சாப்பிட்டது 'கொம்'. பால் பிடித்து முற்றாத ஒட்டரிசி நெல்லை அறுத்து, வறுத்து, பல தடவை இடித்துப் புடைத்தால் வருகிற பச்சை அவல். தாமரை இலையில் பொட்டலம் கட்டி, வைக்கோலால் முடிச்சுப் போட்டுத் தருகிறார்கள். பழுத்த வாழைப்பழத்தோடு சாப்பிட வேண்டும். வாயில் போட்டதும் கதிர் வாசனை.

அடுத்த நாள் நத்தை. அரிசி கழுவிய தண்ணீரில் ஊறவைத்துச் சேற்றைக் கக்க வைத்து, எலுமிச்சைப்புல், இஞ்சி போட்டு அவிக்கிறார்கள். ஊசியால் குத்தி இழுத்து, மீன் சாற்றில் தொட்டுத் தின்ன வேண்டும். நான் இழுத்ததில் பாதி ஓட்டுக்குள்ளேயே அறுந்து நின்றது. கடைக்காரம்மா சிரித்துக்கொண்டே ஊசியைத் திருக வேண்டிய விதத்தைக் காட்டினார்.

மூன்றாம் நாள் 'பூன் ரியூ'. வயல் நண்டின் மேலோட்டைக் கழற்றி, உடம்பை ஓட்டோடு இடித்து, தண்ணீரில் கரைத்து வடிகட்டுகிறார்கள். அந்தச் சாற்றை மெதுவாகச் சூடாக்கினால் நண்டுச் சதை திரண்டு ஆடை மாதிரி மேலே மிதக்கிறது. தக்காளியும், புளிப்புக்கு அரிசிக் காடியும் சேர்த்து, அரிசி சேமியாவின் மேல் ஊற்றுகிறார்கள். ஒரு வாய் குடித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சளி பிடித்தால் எங்கள் அம்மா வயல் நண்டை உரலில் இடித்து, வடிகட்டி, மிளகு போட்டு வைப்பாரே, அதே சாறு! நான் அதைக் குடித்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

கடைசியாகத்தான் 'சா ரூய்'. அது புழு. ஆற்றில் அலை ஏறி இறங்கும் வயல்களின் சேற்றில் வாழ்கிறது. அவர்கள் சந்திரக் கணக்கில் ஒன்பதாம், பத்தாம் மாதங்களில் குறிப்பிட்ட நாட்களில் தண்ணீர் ஏறும்போது கூட்டமாக மேலே வரும். மதகில் வலை கட்டிப் பிடிக்கிறார்கள். முட்டை, அரைத்த பன்றிக்கறி, கமலா ஆரஞ்சுத் தோல், சதகுப்பை இலை சேர்த்து அடித்து, அடை போல எண்ணெயில் பொரிக்கிறார்கள். கமலாத் தோல் இல்லாமல் செய்யவே மாட்டார்களாம்.

"என்னங்க, புழுவையா திங்கப் போறீங்க?" என்று வீட்டுக்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் தின்றேன். மீன் சினை போட்ட முட்டை அடை மாதிரி இருந்தது. நன்றாகவே இருந்தது.

இந்தப் புழுவின் பொருளாதாரம்தான் பழைய கடன் அதிகாரியான என்னை உலுக்கியது. கிழக்கே ஹாய் துவோங் பகுதியில் உழவர்கள் ஒரு போகம் நெல் எடுத்துவிட்டு, மிச்ச காலத்துக்கு வயலைப் புழுவுக்கு விடுகிறார்கள். பூச்சிமருந்து பட்டால் புழு செத்துவிடும். அதனால் நெல்லுக்கும் மருந்தில்லை. புழு கிலோ சில லட்சம் டாங், நம் காசில் ஆயிரம் ரூபாய்க்கு மேல். அந்த வயல் அரிசிக்கும் கூடுதல் விலை.

வியட்நாம் முழுக்க இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். அங்கேயும் உரமும் மருந்தும் ஏராளமாகக் கொட்டுகிறார்கள். 1980களில் தின்பதற்கென்று கொண்டுவந்த தங்க ஆப்பிள் நத்தை இளநாற்றைத் தின்று தீர்க்கிறது, அதற்கும் மருந்துதான். ஆனாலும் வயலில் நெல்லைத் தவிர வேறொன்றும் வருமானம் என்று நினைக்கிறவன் மருந்து டப்பாவைத் திறக்க யோசிக்கிறான்.

நான் எத்தனை பயிர்க்கடன் மனுவில் கையெழுத்துப் போட்டிருப்பேன்! ஏக்கருக்கு இத்தனை மூட்டை உரம், இத்தனை மருந்து என்று ஒரு கட்டம். வயல் நண்டு, நத்தை, அயிரை மீனுக்குக் கட்டமே கிடையாது. கட்டத்தில் இல்லாதது செத்தால் நஷ்டக் கணக்கிலும் வராது. ஒரு நாள்கூட நான் அதைக் கேட்டதில்லை.

ஊர் திரும்பி ஒரு வாரம் இருக்கும். வயலில் வேலை பார்க்கும் பெரியவர் வந்தார். "ஐயா, மேல வரப்புல நண்டு வளை போட்டிருக்கு. தண்ணி நிக்கல. நாலு உருண்டை குருணை மருந்து வெச்சா சரியாப் போயிடும்."

போய்ப் பார்த்தேன். ஒன்பது வளை. ஏழு வருஷத்தில் முதல் தடவை.

"வேண்டாங்க. இருக்கட்டும்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவர் சொன்னதும் தப்பில்லை, ராத்திரி கட்டின தண்ணீர் காலையில் பாதிதான் இருக்கிறது. தினமும் காலையில் இரண்டு பேரும் களிமண் வைத்து அடைக்கிறோம், நண்டு மறுபடி பறிக்கிறது. நாலைந்தைப் பிடித்து ஒரு நாள் சாறு வைத்தோம். வீட்டுக்காரம்மா இரண்டு டம்ளர் குடித்தார்.

மருந்து வைக்காமல் வரப்பைக் காப்பாற்ற உங்கள் ஊரில் என்ன வழி? தெரிந்தவர்கள் இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள், எனக்கும் உதவும்.