ஏலம் கேட்டவர் பணம் கட்டவில்லையா?

இபேயில் ஏலம் விடுபவர்களுக்கு வழக்கமாக வரும் தலைவலி இது. ஏலம் முடிஞ்சாச்சு, ஜெயித்தவர் பணம் கட்டவில்லை. "ஒரு நெகட்டிவ் போட்டு விட வேண்டியதுதானே?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். முடியாது. 2008 முதல் அங்கே விற்பவர் வாங்குபவரைப் பற்றி எதிர்மறைக் கருத்து போட வழியில்லை.

கையில் இருப்பது ரத்து செய்யும் உரிமைதான். நான்கு நாள் பொறுத்துவிட்டு, ‘வாங்குபவர் பணம் செலுத்தவில்லை’ என்ற காரணத்தையே தேர்ந்தெடுத்து ரத்து செய்யுங்கள். பாவம் பார்த்து ‘அவரே ரத்து கேட்டார்’ என்று போட்டால் அவர் கணக்கில் எதுவும் பதிவாகாது. பதிவு இருந்தால்தான் மற்ற விற்பனையாளர்கள் அப்படிப்பட்டவர்களைத் தடுத்து வைக்க முடியும்.

சரி, இரண்டாமவருக்கே கொடுத்துவிடலாமா? இங்கேதான் சிக்கல். மூன்றாமவர் 50 டாலர் வரை, இரண்டாமவர் 90 வரை கேட்டார்கள், ஏலம் 91ல் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். பணம் கட்டாத ஆசாமி வராமலே இருந்திருந்தால் இரண்டாமவர் 51க்கே வாங்கியிருப்பார். ‘இரண்டாம் வாய்ப்பு’ சலுகையோ அவரிடம் 90 கேட்கும். ஓடிப்போனவர் ஏற்றிவிட்ட விலையை இவர் தலையில் கட்டுகிறோம். விற்பவரே வேறு பெயரில் ஏற்றிவிட்டாரோ என்று அவர் சந்தேகப்பட்டால் தப்பில்லை.

அதனால் மறுபடி ஏலம் விடுவதே சுத்தம் என்பது என் கட்சி. விலை குறையலாம். ஆனா அது உண்மையான போட்டியில் வந்த விலை.